கான்கிரீட் ரேடார் ஸ்கேன் சரியாக வரவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

கோர் கட்டிங் (கான்கிரீட்டில் வட்டத் துளை) போடுவதற்கு முன், ஆங்கர் போல்ட் அடிப்பதற்கு முன், பழைய கட்டடத்தின் மேல் இன்னொரு மாடி எழுப்பலாமா என்று கேட்கும்போது, உள்ளே கம்பியும் பைப்பும் எங்கே என்று பார்க்க இப்போதெல்லாம் ஒரு சின்ன சக்கர வண்டி ரேடாரைக் கொண்டுவந்து தளத்தின் மேல் ஓட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் திரையில் வருவது புரியாமல் போனால் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றுவது, அடுத்து ஃபில்டரை மாற்றுவது, அதற்கும் வழிக்கு வராவிட்டால் மெஷினில் கோளாறு என்று சொல்லிவிடுவது. பத்துக்கு எட்டு முறை கோளாறு மெஷினில் இல்லை, கான்கிரீட்டுக்குள் இருக்கும் தண்ணீரில் இருக்கிறது. அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஈரம் எங்கே இருக்கிறது?

அறிகுறிகளுக்குள் போவதற்கு முன் கொஞ்சம் அடிப்படை. இதைத் தாண்டிக் குதித்தால் பின்னால் வரும் கணக்கு எதுவும் பிடிபடாது.

ரேடார் மைக்ரோவேவை உள்ளே அனுப்பி, பதில் திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுகிறது. மைக்ரோவேவ் காற்றில் ஒரு நானோ நொடிக்கு 30 சென்டிமீட்டர் போகும். கான்கிரீட்டுக்குள் நுழைந்தால் வேகம் குறையும். எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது டைஎலக்ட்ரிக் எண். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 30-ஐ வகுத்தால் வேகம் வந்துவிடும். காற்றுக்கு 1, நன்றாகக் காய்ந்த கான்கிரீட்டுக்கு சுமார் 4 முதல் 6, ஈரம் குடித்த கான்கிரீட்டுக்கு 9, 10, அதற்கு மேலும் போகும், தண்ணீருக்கு சுமார் 80. சிமெண்டும் ஜல்லியும் மணலும் எல்லாம் ஏறக்குறைய ஒரே வட்டாரத்தில் இருக்க, தண்ணீர் மட்டும் தனியாக எங்கோ உச்சத்தில் நிற்கிறது பாருங்கள். நுண்துளைகளில் நூற்றுக்குச் சில பங்கு ஈரம் ஏறினாலே மொத்த எண்ணும் நகர்ந்துவிடுவது இதனால்தான்.

இரண்டாவது, ரேடாருக்குக் கம்பி, ஓட்டை, பைப் என்றெல்லாம் எதுவும் தெரியாது. டைஎலக்ட்ரிக் எண் மாறும் இடத்தில் அலையில் ஒரு பங்கு திரும்பி வரும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். உலோகத்தில் பட்டால் முழுசாகத் திரும்பும். கான்கிரீட்டிலிருந்து காற்றுக்குப் போனால் (எண் 6.25 என்று வைத்துக்கொண்டால்) வீச்சில் சுமார் 43 சதவீதம் திரும்பும், ஆனால் உலோகத்துக்கு நேர் எதிரான குறியோடு, அதாவது அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறி. தண்ணீருக்குப் போனால் 56 சதவீதம் போலத் திரும்பும், குறி உலோகத்தினுடையதே. இந்தக் குறி விவகாரம் பின்னால் சில இடங்களில் வரும், மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அறிகுறிகள்.

திரை முழுக்க மங்கல், கம்பியே தெரியவில்லை

தளம் புதுசா? 28 நாள் முடிந்துவிட்டதே என்பார்கள். 28 நாள் என்பது வலிமைக்கான கணக்கு, காய்வதற்கான கணக்கு இல்லை. அந்த நேரத்தில் உள்ளே தண்ணீரும் கரைந்த உப்புகளும் நிறையவே இருக்கும், மின்சாரம் கடத்தும் ஈரம் மைக்ரோவேவை வெப்பமாக மாற்றித் தின்றுவிடும். (வெப்பம் என்றதும் கான்கிரீட் சூடாகுமா என்று ஒருவர் தவறாமல் கேட்பார். சமையலறை மைக்ரோவேவ் அவன் நூற்றுக்கணக்கான வாட்டை ஒரு பெட்டிக்குள் அடைத்துவைக்கிறது. ரேடார் அனுப்புவது மில்லிவாட் கணக்கு. பயப்பட ஒன்றுமில்லை.) புதுத் தளத்தில் உங்களால் செய்ய முடிந்தது காத்திருப்பதும், முடிந்தால் குறைந்த அதிர்வெண் ஆன்டெனாவுக்கு மாறுவதும்தான். கெயினை ஏற்றினால் இரைச்சல்தான் பெரிதாகும்.

தளம் பழசு, ஆனால் மொட்டை மாடியில் மேலிருந்து ஓட்டுகிறீர்களா? நம் ஊர் மொட்டை மாடியில் கான்கிரீட்டுக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட வெதரிங் கோர்ஸ், அதற்கு மேல் தட்டோடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த அடுக்கு குடித்த தண்ணீர் தை பிறந்தும் போகாது. மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரியே இருக்கும். கீழே வீட்டுக்குள் போய்க் கூரையின் அடிப்பக்கத்திலிருந்து ஓட்டுங்கள். கை வலிக்கும், ஆனால் படம் வரும்.

சுவர், பீம், தூண் சந்திக்கும் இடத்தில் மட்டும் எதுவும் தெரியவில்லை என்றால் பூச்சுக்குள் கோழி வலை இருக்கலாம். செங்கலும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் வெடிப்பு வராமலிருக்கச் சிக்கன் மெஷ் அடித்துப் பூசுவது வழக்கம். அதன் கண் விரல் நுழையாத அளவு சின்னது, கான்கிரீட்டுக்குள் 1.6 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ ஏழரை சென்டிமீட்டர். அலைக்கு அந்த வலை கிட்டத்தட்ட ஒரு முழுத் தகடு. திரையின் உச்சியில் ஒரு பளிச்சென்ற பட்டை, அதே இடைவெளியில் அதன் கீழே இன்னொன்று, இன்னொன்று என்று எதிரொலி வரிசையாக வந்தால் சந்தேகமே வேண்டாம். பூச்சைக் கொத்தி எடுக்காமல் வேறு வழியில்லை. ஸ்டீல் ஃபைபர் கலந்த கான்கிரீட்டும் இதே கதைதான், ஆனால் அங்கே பட்டை வராது, திரை முழுக்க அரிசி இறைத்தது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும்.

இன்னொரு காரணம் ஆன்டெனா தேர்வு. அதிர்வெண் ஏற ஏறப் படம் துல்லியமாகும், ஆழம் குறையும். 2.6 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை வைத்துக்கொண்டு 60 சென்டிமீட்டர் ராஃப்ட் அஸ்திவாரத்தின் அடிக்கம்பியைத் தேடினால் கிடைக்காது, 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போங்கள். அப்படியானால் எதிர்ப்பக்கம் 10 கிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றி இன்னும் துல்லியமாகப் பார்க்கலாமே என்று தோன்றும். அங்கே கான்கிரீட்டுக்குள் அலைநீளம் 1.2 சென்டிமீட்டருக்கு வந்துவிடுகிறது, நாம் போடுவது 20 எம்எம் ஜல்லி. ஒவ்வொரு ஜல்லியும் ஒரு தடையாக நின்று அலையைச் சிதறடிக்கும். கட்டட ஸ்கேனர்கள் பெரும்பாலும் 1 முதல் 3 கிகாஹெர்ட்ஸுக்குள் நடுவில் நிற்பதற்கு ஜல்லியின் அளவும் ஒரு காரணம்.

கம்பி தெளிவாகத் தெரிகிறது, ஆழக் கணக்கு உதைக்கிறது

இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள், ஏனென்றால் படம் அழகாக இருக்கும், எண்ணும் மில்லிமீட்டர் வரை வரும், சந்தேகப்படத் தோன்றாது. ஓர் இடத்தில் கொத்திக் கம்பியைப் பார்த்து டேப்பால் அளந்து ஒப்பிடும்போதுதான் வித்தியாசம் தெரியும். அப்படி இரண்டு வெவ்வேறு ஆழங்களில் அளந்துவிட்டால் காரணத்தைப் பிரித்துவிடலாம்.

ஆழம் கூடக் கூடப் பிழையும் அதே விகிதத்தில் கூடுகிறது என்றால் வேகம் தப்பு. உதாரணம்: உண்மையான கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன்) 5 சென்டிமீட்டர், கான்கிரீட் ஈரமாக இருக்கிறது, டைஎலக்ட்ரிக் 9. வேகம் 10. போய்த் திரும்ப 10 சென்டிமீட்டர், ஆக 1 நானோ நொடி. மெஷினில் நீங்கள் வைத்திருப்பது காய்ந்த கான்கிரீட்டுக்கான 6.25, அதாவது வேகம் 12. அதே 1 நானோ நொடிக்கு மெஷின் 6 சென்டிமீட்டர் என்று காட்டும். 20 சென்டிமீட்டரில் இருப்பதை 24 என்று காட்டும். பிழை போகும் திசையைக் கவனியுங்கள்: ஈரத் தளத்தில் கம்பி இருப்பதைவிட ஆழமாகத் தெரியும். 5 சென்டிமீட்டர் வரை துளைக்கலாம் என்று டிரில்காரரிடம் சொல்லிவிடுவீர்கள், அவர் சரியாக அந்தக் கம்பியில் போய் இடிப்பார். கவர் போதுமா என்று பார்க்கும் வேலையில் இது இன்னும் மோசம், இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456 கடலோரப் பகுதிக்குக் கேட்கும் 45 எம்எம் இல்லாத பீமை இருப்பதாகச் சொல்லிவிடும்.

வேகத்தைச் சரிசெய்ய நல்ல வழி ஆழம் தெரிந்த ஒன்றைப் பிடிப்பது. படிக்கட்டு ஓரமோ டக்ட் திறப்போ இருந்தால் தளத்தின் தடிமனை அங்கே டேப்பால் அளக்கலாம், பக்கத்திலேயே ரேடாரையும் ஓட்டி இரண்டும் ஒத்துப்போகும்வரை டைஎலக்ட்ரிக்கை மாற்றுங்கள். அதற்கு வாய்ப்பில்லையென்றால் கம்பியின் வளைவை வைத்து மெஷினே வேகம் கணக்கிடும் வசதியைப் பயன்படுத்தலாம். வண்டி கம்பியை நெருங்கும்போது தூரம் குறைந்து, நேர் மேலே வரும்போது குறைந்தபட்சமாகி, தாண்டியதும் மறுபடி கூடுவதால்தான் அந்தக் கவிழ்ந்த வளைவு உருவாகிறது, அதன் விரிவில் வேகம் ஒளிந்திருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை, கம்பிக்குச் செங்குத்தாக ஓட்டியிருக்க வேண்டும். சாய்வாக ஓட்டினால் வளைவு விரிந்து தெரியும், வேகத்தை அதிகமாகக் காட்டும். அப்புறம், காலையில் ஓர் இடத்தில் கண்டுபிடித்த வேகத்தை வைத்து மாலைவரை ஓட்டாதீர்கள். பாத்ரூம் பக்கத்துத் தளமும் ஹால் தளமும் ஒரே நாளில் போட்ட ஒரே கான்கிரீட்டாக இருந்தாலும் ஒரே வேகம் இருக்காது.

ஆழம் எவ்வளவாக இருந்தாலும் பிழை மட்டும் ஒரே அளவு, எங்கே பார்த்தாலும் அரை சென்டிமீட்டர் என்றால் வேகத்தைத் தொடாதீர்கள். அது நேரத்தின் தொடக்கப் புள்ளி, டைம் ஜீரோ. அலை கான்கிரீட்டின் மேற்பரப்பைத் தொடும் கணத்தை மெஷின் எங்கே வைத்திருக்கிறது என்பதில் 0.1 நானோ நொடி தவறினால், வேகம் 10 என்னும்போது 5 எம்எம் பிழை வரும். மேலே டைல்ஸ், பிளைவுட், பிளாஸ்டிக் தாள் ஏதாவது போட்டு அதன்மேல் ஓட்டினாலும் இப்படித்தான் ஆகும், அந்தத் தடிமனைக் கழிக்க மறந்திருப்பீர்கள்.

மூன்றாவது ரகம், ஆழத்தில் இருப்பவை எல்லாம் சரி, மேலோட்டமான கம்பி மட்டும் தப்பு. 2 சென்டிமீட்டர் கவரில் இருக்கும் கம்பியின் பதில் 0.33 நானோ நொடியில் வந்துவிடும், 1.6 கிகாஹெர்ட்ஸ் துடிப்பின் நீளமே சுமார் 0.6. அனுப்பும் ஆன்டெனாவிலிருந்து வாங்கும் ஆன்டெனாவுக்கு நேராகப் பாயும் அலை இன்னும் முடியாதபோதே கம்பியின் பதில் அதற்குள் கலந்துவிடுகிறது. போதாததற்கு இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால் அலை செங்குத்தாகப் போய்வருவதில்லை, சாய்வாகப் போய்வருகிறது, ஆழம் குறைவாக இருக்கும்போது அந்தச் சாய்வின் பங்கு பெரிது. இதற்காக ரேடாரோடு மல்லுக்கட்ட வேண்டாம். 5 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கவருக்குச் சாதாரண கவர் மீட்டரே போதும், அது காந்தப்புலத்தில் வேலை செய்வதால் ஈரத்தைப் பற்றிக் கவலைப்படாது.

இடைவெளி தப்பாக வருகிறது

200 எம்எம் இடைவெளியில் கட்டிய கம்பி 185 என்று வந்தால் சக்கரம் வழுக்குகிறது. தூசி, ஈரம், தேய்ந்த ரப்பர். தரையில் டேப் விரித்து 2 மீட்டர் ஓட்டி, மெஷின் எவ்வளவு சொல்கிறது என்று பாருங்கள். முடிந்தது.

மேல் கம்பி வலை பளிச், அதற்குக் கீழே இருட்டு

மேல் கம்பி நெருக்கமாக இருந்தால் அலையின் பெரும்பங்கை அங்கேயே திருப்பிவிடும். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த இடைவெளியில் இரண்டு திசையிலும் கட்டியிருந்தால், கீழ் வலையைப் பார்ப்பது சிரமம் என்று முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் கைவிடுவதற்கு முன் ஆன்டெனாவைத் தொண்ணூறு டிகிரி திருப்பி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அலையின் மின்புலம் கம்பியின் நீளத்தோடு ஒரே திசையில் இருந்தால் கம்பி பலமாகத் திருப்பும், குறுக்காக இருந்தால் மெல்லிய கம்பி அலையைப் பெருமளவு விட்டுவிடும். வண்டியைக் கம்பிக்குச் செங்குத்தாக ஓட்டும்போது கம்பி பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், மின்புலம் கம்பியோடு இணையாக இருக்கும்படிதான் பெரும்பாலான வண்டிகளுக்குள் ஆன்டெனாவைப் பொருத்தியிருக்கிறார்கள் என்பதுதான். அதைத் திருப்பினால் மேல் கம்பி மங்கும், கீழே இருக்கும் பிளாஸ்டிக் பைப்போ தளத்தின் அடியோ எட்டிப் பார்க்க வாய்ப்பு உண்டு. ஆன்டெனாவை மட்டும் திருப்பும் வசதி சில வண்டிகளில் இருக்கிறது, பலருக்கு அது எதற்கு என்றே தெரியாமல் ஓரத்தில் கிடக்கிறது.

தட்டினால் பொக்கென்று கேட்கிறது, ரேடாரில் ஒன்றுமே இல்லை

சுத்தியலை நம்புங்கள்.

கம்பி துருப்பிடித்து உப்பி, கவர் கான்கிரீட் தகடாகப் பிரிந்திருக்கும். பிளவு அரை எம்எம், ஒரு எம்எம் இருக்கலாம். பிளவின் மேல் முகத்தில் ஒரு பதில், கீழ் முகத்தில் எதிர்க்குறியோடு இன்னொரு பதில், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லாததால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதில் பலர் கவனிக்காதது என்னவென்றால், பிளவுக்குள் இருப்பது காற்று, அங்கே அலை 18.75 சென்டிமீட்டர் நீளத்துக்கு விரிந்துவிடுகிறது, ஆகவே 1 எம்எம் பிளவு இன்னும் சின்னதாகத் தெரியும். டைஎலக்ட்ரிக் 6.25, அதிர்வெண் 1.6 கிகாஹெர்ட்ஸ், சமதள அலை என்று வைத்துக் கணக்குப் போட்டால் 1 எம்எம் காற்றுப் பிளவு திருப்புவது சுமார் மூன்றரை சதவீதம். பக்கத்தில் நூறு சதவீதம் திருப்பும் கம்பி இருக்கும்போது இதை யார் பார்க்கப்போகிறார்கள்? பிளவு 1 சென்டிமீட்டர் ஆனால் மூன்றில் ஒரு பங்கு திரும்பும், அதைப் பார்க்கலாம்.

இப்போது அதே 1 எம்எம் பிளவில் தண்ணீர் நிரம்பட்டும். தண்ணீருக்குள் அலை சுருங்கிவிடுவதால் அதே பிளவு அலைக்கு ஒன்பது மடங்கு தடித்ததாகிவிடும், கணக்கு 40 சதவீதத்துக்கு மேல் போகும். பத்து மடங்குக்கும் அதிகம்! வெயிலில் காணாத பிளவு மழைக்குப் பின் தெரிவதும், இரண்டு ஏஜென்சி இரண்டு சீசனில் ஓட்டி இரண்டு விதமாக ரிப்போர்ட் கொடுத்துச் சண்டை போடுவதும் இதனால்தான், இருவருமே சரியாக ஓட்டியிருப்பார்கள். ஆனால் இதைப் படித்துவிட்டுத் தளத்தில் தண்ணீர் ஊற்றி ஓட்டலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், மேற்பரப்பு ஊறி அலையை முதலிலேயே குடித்துவிடும்.

தேன்கூடு மாதிரியான பெரிய வெற்றிடம் என்றால் குறியைப் பாருங்கள். பக்கத்துக் கம்பி வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று வந்தால் காற்று வெற்றிடம் கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று வரும். காலியான பிவிசி பைப்பும் அப்படியே. ஆனால் பைப்பில் தண்ணீர் இருந்தாலோ வெற்றிடம் தண்ணீரால் நிரம்பியிருந்தாலோ குறி கம்பியைப் போலவே இருக்கும், வெறும் படத்தை வைத்துப் பிரிக்க முடியாது. வலையில் ஒழுங்காக வரும் இடைவெளிக்குப் பொருந்தாமல் தனியாக நிற்கும் ஒரு பளிச்சைப் பார்த்தால், குழாய் எங்கே போகிறது என்று பிளம்பரைக் கேட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

மெல்லிய பிளவுதான் சந்தேகம் என்றால் அல்ட்ராசோனிக், இம்பாக்ட் எக்கோ (தட்டி எழும் எதிரொலியை அளப்பது) இரண்டில் ஒன்றுக்குப் போங்கள். ஒலி அலைக்குக் காற்றிடைவெளி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் சுவர்தான், மைக்ரோவேவுக்கு அது திறந்த கதவு.

ஒரே தளத்தில் ஒரு பகுதியில் மட்டும் கம்பி மங்கல்

பாலத் தளங்களில் இதைத்தான் வேண்டுமென்றே தேடுகிறார்கள். அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் டி6087 என்ற முறையே தார் மூடிய கான்கிரீட் பாலத் தளங்களை ரேடாரில் மதிப்பிடுவதற்கானது, அலை எங்கே வழக்கத்தைவிட அதிகமாகத் தேய்கிறதோ அங்கே சேதம் இருக்கலாம் என்பது அதன் அடிப்படை. உப்பும் ஈரமும் சேர்ந்து புகுந்த இடத்தில் கான்கிரீட் மின்சாரம் கடத்தும், அலை தேயும், கம்பி மங்கும், கம்பி துருப்பிடிக்கத் தேவையானதும் அதே உப்பும் ஈரமும்தான். ரேடார் துருவைப் பார்ப்பதில்லை, துரு பிடிப்பதற்கான சூழலைப் பார்க்கிறது.

இங்கே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கம்பி ஆழமாக இருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும். கவர் பிளாக் வைக்காமல் ஒரு பக்கம் கம்பி இறங்கிவிட்டது என்று வையுங்கள், வண்ண வரைபடத்தில் அந்த இடம் மொத்தமும் சிவப்பாகி, அரிப்பு என்று ரிப்போர்ட்டில் ஏறிவிடும். ஒவ்வொரு கம்பியின் வீச்சையும் அதன் ஆழத்தோடு சேர்த்து ஒரு வரைபடத்தில் போட்டு, ஆழத்தால் வரும் தேய்வைக் கழித்தபின் மிச்சமிருக்கும் மங்கலை மட்டும் கணக்கில் எடுங்கள். அப்படியும் மங்கலாக இருக்கும் இடத்தில் ஹாஃப் செல் வைத்து மின்னழுத்தம் பார்த்து, கொஞ்சம் கான்கிரீட் தூள் எடுத்துக் குளோரைடு சோதனைக்கு அனுப்பினால்தான் அரிப்பு என்று எழுதலாம். அதற்கு முன் எழுதினால் அது ஜோசியம்.

இல்லாத இடத்தில் கம்பி தெரிகிறது

முதலில் பாக்கெட்டில் இருக்கும் போனைத் தூர வையுங்கள். 1.6 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா உண்மையில் 0.8 முதல் 2.4 வரை கேட்கும், மொபைல் அலைவரிசைகள் பலவும் அதற்குள்தான் வருகின்றன. போன் பேசினால் செங்குத்தான கோடுகளாகவோ பனி போலவோ வரும்.

மிகமிக விரிந்த, சோம்பலான ஒரு வளைவு ஆழத்தில் வந்தால், அதன் வேகத்தை அளந்து பாருங்கள். 30-க்குப் பக்கத்தில் வந்தால் அலை கான்கிரீட்டுக்குள் போகவே இல்லை, காற்றில் போய் அருகிலிருக்கும் இரும்புக் கதவிலோ ஜாக்கியிலோ பட்டுத் திரும்பியிருக்கிறது. ஓரத்தில் ஓட்டும்போதும் வண்டியைத் தூக்கும்போதும் இது வரும்.

உண்மையான கம்பிக்கு நேர் கீழே, சரியாக இரட்டிப்பு ஆழத்தில் மங்கலாக இன்னொரு கம்பி என்றால் அது எதிரொலி. அலை கம்பிக்கும் மேற்பரப்புக்கும் நடுவே இரண்டு முறை போய்வந்திருக்கிறது. எல்லாக் கம்பிக்கும் கீழே ஒரே ஒழுங்கில் வந்தால் நிச்சயம். இரண்டடுக்கு வலை உள்ள தளத்தில் இந்தக் குழப்பம் வரும், தளத்தின் தடிமனைத் தெரிந்துகொண்டால் தீர்ந்துவிடும், அடியைவிட ஆழத்தில் கம்பி இருக்க முடியாது அல்லவா.

மைக்ரேஷன் போட்டபின் மீசை முளைக்கிறது

வளைவுகளைச் சுருக்கிப் புள்ளியாக்கும் கணக்குத்தான் மைக்ரேஷன். புள்ளியாக வராமல் இரண்டு பக்கமும் கீழே தொங்கும் மீசை மிச்சமிருந்தால் நீங்கள் கொடுத்த வேகம் குறைவு. முனைகள் மேல்நோக்கி முறுக்கிய மீசையாக வந்தால் வேகம் அதிகம். மேல் கம்பிகளுக்குப் புள்ளி, கீழ் கம்பிகளுக்கு மீசை என்றால் ஆழத்துக்கு ஆழம் ஈரம் மாறுகிறது என்று பொருள். அது பிழை இல்லை, தகவல்.

தளத்தின் அடி காணவில்லை

பேக்கிரவுண்ட் ரிமூவல் ஃபில்டர் ஓடுகிறதா பாருங்கள். திரையில் இடமிருந்து வலம்வரை மாறாமல் வரும் எதையும் இரைச்சல் என்று நினைத்து அது அழித்துவிடும், தளத்தின் அடியும் அப்படி ஒரு நேர்கோடுதானே. நீங்கள் ஓட்டும் பாதைக்கு இணையாக நேர் கீழே படுத்திருக்கும் கம்பியும் சேர்ந்தே போய்விடும். ஃபில்டரை எடுத்தும் தெரியவில்லை என்றால், மண்மேல் நேரடியாகப் போட்ட தரைத்தளமா என்று கேளுங்கள். ஈர மண்ணுக்கும் ஈரக் கான்கிரீட்டுக்கும் டைஎலக்ட்ரிக் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் திரும்பி வர எதுவும் இல்லை.

மாடித் தளம் என்றால் ஒரு தந்திரம் இருக்கிறது. கீழே ஓர் ஆளை நிறுத்தி, ஒரு தகரத் தகட்டைக் கூரையின் அடியில் ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். காற்றில் 43 சதவீதமாக இருந்த பதில் உலோகத்தில் முழுசாகும், குறியும் தலைகீழாகும். தகட்டைப் பிடிக்கும்போது மாறி, எடுக்கும்போது பழையபடி ஆகும் கோடு எதுவோ அதுதான் அடி.

கார்பன் ஃபைபர் ஒட்டிய தூணில் எதுவும் வரவில்லை

கண்ணாடி இழை என்றால் மைக்ரோவேவ் தாராளமாகப் போகும். கார்பன் இழை மின்சாரம் கடத்தும், அதனால் இழையின் திசைக்கு இணையான மின்புலத்தை உலோகம் போலவே திருப்பிவிடும். ஒரே திசையில் இழை ஓடும் ஒற்றை அடுக்கு என்றால் மின்புலத்தை இழைக்குக் குறுக்காக வைத்து ஓட்டுங்கள், கொஞ்சம் உள்ளே போகும், ஒட்டு விட்டுப்போன இடத்தையும் பார்க்க வழி உண்டு. இரண்டு திசையிலும் நெய்த துணி என்றால் விட்டுவிடுங்கள், நாணயத்தால் தட்டிப் பார்ப்பதே மேல்.

மைக்ரோவேவ் ஈரமானி பக்கத்துப் பக்கத்தில் வேறுவேறு எண் காட்டுகிறது

கம்பிக்கு மேல் வைத்திருப்பீர்கள். உலோகம் திருப்பும் அலையை மானி ஈரம் என்று படித்துவிடும். முதலில் கவர் மீட்டரால் கம்பிகளைக் குறித்து, நடுக் கட்டங்களில் மட்டும் வைத்து எடுங்கள். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் சென்சருக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே காற்று புகுந்து எண் இறங்கும். ஊசி குத்தும் மானியைவிட உப்பால் இது குறைவாகவே ஏமாறும், ஆனால் இது காட்டும் எண்ணை அந்தக் கலவைக்கே அளவுதிருத்தம் செய்யாமல் சதவீதம் என்று எழுதாதீர்கள். ஒரே சுவரில் எங்கே ஈரம் அதிகம், எங்கே குறைவு என்று ஒப்பிடுவதற்கு அருமையான கருவி.

"கம்பி எத்தனை எம்எம் சார்?"

ரேடாரில் சொல்ல முடியாது. 12 எம்எம், 16 எம்எம் இரண்டும் ஏழரை சென்டிமீட்டர் அலைக்கு ஒன்றுதான், பளிச்சென்று தெரிவது தடிமனால் மட்டும் வருவதில்லை. ஒட்டிப் படுத்த இரண்டு கம்பியின் லேப் கூட ஒரே கம்பியாகத்தான் தெரியும். ஓர் இடத்தில் உடைத்து வெர்னியர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

போஸ்ட் டென்ஷன் டக்டுக்குள் கிரவுட் நிரம்பியிருக்கிறதா தெரியவில்லை

இழுத்துக் கட்டிய கேபிள் ஓடும் குழாய்தான் இந்த டக்ட், அதை நிரப்பும் சிமெண்டுக் கூழ்தான் கிரவுட். டக்ட் பிளாஸ்டிக் என்றால் அலை உள்ளே போய் கேபிளைப் பார்க்கும், வெற்றிடத்தின் குறியும் சில சமயம் கிடைக்கும். உலோக டக்ட் என்றால் ரேடார் டக்டின் வெளித்தோலைத் தாண்டாது, எந்த ஆன்டெனா மாற்றினாலும். டக்ட் எங்கே ஓடுகிறது என்று கோடு போட மட்டும் ரேடாரை வைத்துக்கொண்டு, உள்ளே நிரம்பியிருக்கிறதா என்பதற்கு இம்பாக்ட் எக்கோவையோ அல்ட்ராசோனிக் டோமோகிராஃபியையோ கூப்பிடுங்கள். அதிலும் தீராமல் காமா கதிர் ரேடியோகிராஃபிதான் என்றால் தளத்தின் இரண்டு பக்கமும் கை எட்ட வேண்டும், அந்தப் பகுதியைக் காலி செய்ய வேண்டும், இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்ற ஏஜென்சிதான் செய்ய முடியும், ஆகவே கோர் கட்டிங் தேதியை அதற்குத் தக்கபடி தள்ளிவைக்கச் சொல்லி முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.